வரையறை வந்தது, கடமை வரவில்லை

வந்தவாசி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டை நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு வந்தவாசி என்றால் கோரைப் பாய். அங்கிருந்து வடமேற்கே ஆரணிக்குப் போனால் பட்டு. பாயும் பட்டும் வேறு வேறு சந்தைக்குப் போகிற சரக்கு. ஒன்று தரையில் விரிப்பது, மற்றது பெட்டியில் பூட்டி வைப்பது. ஆனால் பெண்ணின் கை படாமல் இரண்டுமே கடைக்குப் போவதில்லை. அந்தக் கைக்கு முதலாளி யார் என்று கேட்டால் இரண்டு ஊரிலும் நேரான பதில் கிடைப்பதில்லை.

ஆரணிப் பக்கம் ஒரு தறி வீட்டைப் பார்க்கலாம். குழித்தறியில் கணவர் உட்கார்ந்து மிதிக்கிறார், நாடா ஓடுகிறது. சற்றுத் தள்ளித் தரையில் ராட்டையோடு மனைவி. ஊடைக்கான பட்டிழையை அவர் தாரில் சுற்றித் தந்தால்தான் நாடாவுக்கு வேலை. தார் தீர்ந்தால் தறி நிற்கும். புதுப் பாவு வந்த நாளில் பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். முதுகு வளைந்து, கண் எரிந்து செய்கிற வேலை அது. கோர்வைக் கரை வைத்த சேலையென்றால் கரைக்குத் தனி நாடா. மறுபக்கம் உட்கார்ந்து அதைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவியோ மகளோ உட்காருகிறார்கள். சேலை முடிந்து முதலாளியிடமோ சொசைட்டியிலோ போட்டால் ‘சேலைக்கு இவ்வளவு’ என்று ஒரே தொகை. அதற்குள் தார் சுற்றியதற்கு எவ்வளவு, பாவு பிணைத்ததற்கு எவ்வளவு, கரை தள்ளியதற்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் இருப்பது ஒரு பெயர், அது பெரும்பாலும் ஆணின் பெயர்.

வந்தவாசியில் கதை கொஞ்சம் மாறுகிறது. பாய்த் தறி பெருமளவு மின்சாரத்துக்கு மாறிவிட்டது. கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரை கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. அதைத் தரம் பிரிப்பது, ஊறவைப்பது, சாயம் தோய்ப்பது, வெயில் பார்த்துக் காயப்போடுவது, நெய்து வந்த பாயின் ஓரத்தை மடித்துத் தைப்பது என்று தறிக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகள் கைக்கே மிஞ்சின. பிளாஸ்டிக் பாய் வந்து சந்தையைப் பிடித்த பிறகு இந்தக் கைவேலைக்குப் பேரம் பேசும் பலமும் குறைந்தது. ‘வீட்டு வேலையோட வேலையா செய்யறதுதானே’ என்பார்கள். கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால் ‘வீட்டுல சும்மாதான் இருக்காங்க’ என்று பதில் போகும். பல வீடுகளில் அதைச் சொல்வதும் அந்தப் பெண்ணேதான்.

2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேல் என்றும் அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 2.43 லட்சம். அத்தனை பேரில் வேலை கொடுத்தவர் கையால் எழுதிய ஒரு கூலிச் சீட்டைத் தன் பெயரில் வைத்திருக்கும் பெண்ணைத் தேடிப்பார்த்தால் நிலைமை புரியும்.

பெண்ணுரிமைக்கான சர்வதேச ஒப்பந்தங்களைப் பற்றிய பேச்சு நம்மிடம் வழக்கமாகத் தில்லியில் தொடங்கி நியூயார்க்கில் முடிந்துவிடுகிறது. ராட்டையும் கோரைக் கட்டும் உள்ள வீட்டிலிருந்து தொடங்கினால் வரிசையே மாறுகிறது. பெரிய பெயருள்ள உடன்படிக்கைகளைவிட, அதிகம் யாரும் கேள்விப்படாத ஒன்று முன்னே வந்து நிற்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 1996 ஜூனில் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கை, வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவர்களுக்கானது.

அது பிறந்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய ‘சேவா’ என்ற சுயதொழில் பெண்கள் சங்கம், வீட்டுக்குள் தைக்கும், சுற்றும், ஒட்டும் பெண்களும் தொழிலாளர்களே என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியது. வேறு நாட்டுச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. முதலாளிகள் தரப்பின் எதிர்ப்பை மீறி ஜெனீவாவில் உடன்படிக்கை நிறைவேறியது. பின்லாந்தும் அயர்லாந்தும் முதலில் ஏற்றன. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை பிறந்த நாடான இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. பணக்கார நாடுகளிலும் ஏற்றவை கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கூலி உழைப்பு எங்குமே அரசுகளுக்குப் பிடிக்காத விஷயம்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் நடு விஷயம். 177இன் முதல் பிரிவு, வீட்டுத் தொழிலாளி யார் என்று வரையறுக்கிறது. தன் வீட்டிலோ, தான் தேர்ந்த வேறு இடத்திலோ, வேலை கொடுப்பவரின் பணியிடத்துக்கு வெளியே, கூலிக்காக, அவர் கேட்ட பொருளையோ சேவையையோ செய்து தருபவர். கருவியும் மூலப்பொருளும் யார் கொடுத்தாலும் சரி. இந்திய நாடாளுமன்றம் 2008இல் நிறைவேற்றிய அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்தால், ‘வீடுசார் தொழிலாளி’ என்பதற்கு ஏறக்குறைய இதே வரையறை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே வரையறை உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. ஆக, ஜெனீவாவில் எழுதியதை நம் அரசு படித்திருக்கிறது, சரியென்று கண்டிருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறது. எடுத்தது முதல் பிரிவை மட்டும். அடுத்து வரும் பிரிவுகளை அங்கேயே விட்டுவிட்டது.

அடுத்த பிரிவுகளில் என்ன இருக்கிறது? சங்கம் சேரும் உரிமை, கூலி, பணிப் பாதுகாப்பு, பேறுகாலப் பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றில் மற்றக் கூலித் தொழிலாளருக்குச் சமமான நடத்துமுறை. தொழிலாளர் புள்ளிவிவரத்தில் வீட்டு உழைப்பையும் சேர்க்கும் கடமை. நடுவில் தரகர் இருந்தால் யார் எதற்குப் பொறுப்பு என்பதை நிர்ணயிக்கும் கடமை. மேஸ்திரியைக் கைகாட்டி முதலாளியும், முதலாளியைக் கைகாட்டி மேஸ்திரியும் நழுவுகிற இடம் இதுதான். உடன்படிக்கையோடு வந்த 184ஆம் பரிந்துரை இன்னும் நுணுக்கமானது. வேலை கொடுப்பவர் தன்னிடம் வேலை வாங்கும் எல்லாரையும் ஆண், பெண் பிரித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. மின்சாரம், தண்ணீர், கருவிப் பராமரிப்புச் செலவை ஈடுகட்டச் சொல்கிறது. கருவியைச் சீர்செய்யும், மாற்றும், பொருளைத் தரம் பிரிக்கும், கட்டுப் பிரிக்கும், கட்டும் நேரத்துக்கும் கணக்கு வேண்டும் என்கிறது. இதை எழுதியவர்கள் பாவு பிணைக்கும் வீட்டையோ கோரை தரம் பிரிக்கும் தாழ்வாரத்தையோ பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்து எழுதியது போலத்தான் இருக்கிறது.

தமிழ்நாடு இந்த இடத்தில் ஒரு விசித்திரம் செய்கிறது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் தந்து, 2023இல் அதை 300 ஆக்கியது. நெசவாளர் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 184ஆம் பரிந்துரையின்படி அந்தச் செலவு வேலை கொடுப்பவரின் கணக்கில் வர வேண்டியது. அவர் கணக்கில் வராததை அரசு தன் கருவூலத்திலிருந்து கொடுக்கிறது. நல வாரியங்களும் அப்படியே. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ்க் கைத்தறி, கைத்தறிப் பட்டு நெசவாளருக்குத் தனி வாரியம் இருக்கிறது. பதிந்துகொண்டவருக்குக் கல்வி, திருமணம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவி கிடைக்கும். இதைக் குறைத்துப் பேச முடியாது. இருந்தும், சேலையில் லாபம் பார்த்தவருக்கும் தார் சுற்றியவருக்கும் இடையில் சட்டம் ஒரு கயிறும் கட்டவில்லை. அரசு நடுவில் நின்று தன் பணத்தால் அந்த இடைவெளியை மூடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை எப்படிக் கண்காணிப்பது, அது நடைமுறைக்கு ஒத்துவராத மேல்நாட்டு யோசனை என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். பக்கத்தில் குடியாத்தத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பீடித் தொழிலாளருக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம், இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றே ஏற்றது. 177 வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. பீடிக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 1974இல் சட்டத்தின் பக்கம் நின்றது. 1977இல் வருங்கால வைப்புநிதியும் பீடித் தொழிலுக்கு நீண்டது. கம்பெனி தரும் பாஸ்புக், பி.எஃப். எண், அடையாள அட்டை என்று வேலூர், திருநெல்வேலி வட்டாரங்களில் எத்தனையோ பெண்கள் வைத்திருக்கிறார்கள். ஏமாற்று அதிலும் உண்டு: ஒருவர் பாஸ்புக்கில் மூன்று பேர் சுற்றுவார்கள், பாதிப் பேரைக் கணக்கில் காட்டாமல் கம்பெனி தப்பும். ஆனாலும் சண்டை போடக் கையில் ஒரு சட்டம் இருந்தது. பீடி சுற்றும் பெண்ணுக்கு முடிந்தது பட்டு சுற்றும் பெண்ணுக்கு ஏன் முடியாது என்பதற்கு யாரும் காரணம் சொன்னதில்லை. அந்தப் பீடிச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

கையெழுத்துப் போட்டால் மட்டும் எல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. சம வேலைக்குச் சம ஊதியம் பற்றிய ஐஎல்ஓவின் 100ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958 செப்டம்பரில் ஏற்றது. அதற்கான சட்டம் 1976இல்தான் வந்தது. பதினெட்டு ஆண்டுத் தூக்கம். அந்தத் தூக்கமும் தானாகக் கலையவில்லை. ஐ.நா. கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு நாடும் தன் பெண்களின் நிலையை அறிக்கையாகத் தர வேண்டியிருந்தது. 1971இல் இந்தியா அமைத்த குழு, 1974 டிசம்பரில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. வீணா மஜும்தாரும் லோத்திகா சர்க்காரும் உழைத்த அறிக்கை. சுதந்திர இந்தியாவில் பெண்களின் வேலைவாய்ப்பும் ஆண்-பெண் விகிதமும் சரிந்திருப்பதை அது எண்களோடு காட்டியது. வெளியிலிருந்து ஒரு கேள்வி வந்ததால் உள்ளே ஒரு கணக்கு எடுக்கப்பட்டது, கணக்கு வெளியே வந்ததால் அரசு கூச்சப்பட்டது. சர்வதேச ஒப்பந்தங்கள் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் இவ்வளவுதான். இவ்வளவும் போதாது என்பவர்களுக்கு, இதுகூட இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

‘சீடா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும், பெண்களுக்கு எதிரான எல்லாவகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஐ.நா. பொதுச் சபை 1979 டிசம்பர் 18 அன்று அதை நிறைவேற்றியது. இந்தியா 1980 ஜூலையில் கையெழுத்திட்டு, 1993 ஜூலை 9 அன்று ஏற்பு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசு ஊழியர் பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அதையொட்டி வந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பணியிடப் பாலியல் தொல்லைக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. நீதிபதிகள் சீடாவை எடுத்தார்கள். நாடு ஏற்ற உடன்படிக்கை, அதற்கு முரணான உள்நாட்டுச் சட்டம் எதுவும் இல்லை, எனவே அரசமைப்பின் அடிப்படை உரிமைகளை அதன் வெளிச்சத்தில் படிக்கலாம் என்றார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பதினாறு ஆண்டுகள் அந்த நெறிமுறைகள்தான் நாட்டின் சட்டம். 1993இல் அந்த ஏற்புப் பத்திரம் போகாமல் இருந்திருந்தால் நீதிபதிகளின் கையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கப் போய், தகப்பன் கையெழுத்து எங்கே என்று கேட்கப்பட்ட வழக்கிலும் சீடா பேசப்பட்டது. தாயும் காப்பாளரே என்று 1999இல் தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்ந்த அமர்வு, 2009இல் தீபிகா வழக்கில், விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. ஊதியமில்லா வீட்டு உழைப்பை அளந்து மதிப்பிட வேண்டும் என்ற சீடா குழுவின் 17ஆம் பொதுப் பரிந்துரை அதில் இடம்பெற்றது. ‘சும்மாதான் இருக்காங்க’ என்ற வாக்கியத்துக்குச் சென்னையிலிருந்து வந்த பதில் அது.

ஆனால் 1993இல் இந்தியா சீடாவுக்கு வெறுமனே ஏற்பு வழங்கிவிடவில்லை. கூடவே இரண்டு அறிவிப்புகளைச் செருகியது. பழக்கவழக்கப் பாகுபாடுகளை மாற்றுவதையும் (5ஆம் பிரிவு) திருமண, குடும்ப வாழ்வில் சமத்துவத்தையும் (16ஆம் பிரிவு), எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரங்களிலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே செய்வோம் என்பது ஒன்று. பலவகை வழக்கங்களும் மதங்களும் எழுத்தறிவு நிலைகளும் கொண்ட இவ்வளவு பெரிய நாட்டில் கட்டாயத் திருமணப் பதிவு நடைமுறைக்கு ஒவ்வாது என்பது இன்னொன்று. இவை தவிர, தகராறுகளைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் பிரிவுக்கும் ஒதுக்கீடு.

நடைமுறைக்கு ஒவ்வாது என்றதைத் தமிழ்நாடு செய்துகாட்டிவிட்டது. 2006இல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2009இல் எல்லா மதத்தாருக்கும் பொதுவாகச் சட்டம் இயற்றியது. இன்று வந்தவாசி சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் முடித்த ஜோடிகள் அழைப்பிதழும் ஆதாரும் போட்டோவுமாக உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. ஐ.நா.வில் உள்ள கோப்பில் மட்டும் அது இன்னும் முடியாத காரியம்.

‘சமூகத்தின் சம்மதம்’ என்ற முதல் அறிவிப்பு இதைவிடச் சிக்கலானது. சமூகம் என்றால் யார்? வந்தவாசிக்கு அருகே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஐ.நா. சபையே பிறக்காத காலம். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு. 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம், மகளுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு. நாடு முழுக்க அது 2005இல்தான் வந்தது. சம்மதம் கேட்டுக்கொண்டு காத்திருந்திருந்தால் இவற்றில் எது நடந்திருக்கும்? முஸ்லிம் பெண்களின் விஷயத்திலும் முன்முயற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்கள் மட்டும் உட்காரும் ஜமாத்தில் தங்கள் விவாகரத்து வழக்குகள் தங்களைக் கேட்காமலே முடிக்கப்படுவதைப் பார்த்து, புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தை அமைத்தார். தீபா தன்ராஜ் அதை ஆவணப்படமாகவும் எடுத்தார். அது சமூகத்தின் முன்முயற்சி இல்லையென்றால் வேறு எது? இந்த அறிவிப்பை எடுத்துவிடு என்று கேட்பவர்கள் எல்லாரும் பொது சிவில் சட்டம் கேட்கிறார்கள் என்று குழப்பிக்கொள்ளவும் கூடாது. பெண்ணைச் சமூகத்தின் ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பது வேறு, எல்லாச் சமூகத்தையும் ஒரே அச்சில் வார்ப்பது வேறு.

சீடாவை ஏற்ற நாடுகள் நான்காண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இந்தியாவை அந்தக் குழு 2000, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் உட்காரவைத்து விசாரித்தது. அறிவிப்புகளைத் திரும்பப் பெறுங்கள், விருப்ப நெறிமுறையில் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 1999இல் வந்த அந்த விருப்ப நெறிமுறைதான், உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லாப் படியும் ஏறி முடித்த பெண் நேராகக் குழுவிடம் முறையிட வழி தருவது. பங்களாதேஷ், இலங்கை, நேபாளம், மாலத்தீவு எல்லாம் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை. இலங்கை 2002 அக்டோபரில் சேர்ந்தது. அதனால்தான் கொழும்பைச் சேர்ந்த செயல்பாட்டாளர் ரோசானா ஃபிளேமர்-கல்தேரா தன் நாட்டின் மீது முறையிட முடிந்தது. பெண்களுக்கிடையிலான ஒருபாலுறவைக் குற்றமாக்கும் சட்டம் உடன்படிக்கைக்கு முரண் என்று குழு 2022இல் முடிவு சொன்னது. கொழும்பில் சட்டம் மறுநாளே மாறிவிடவில்லை. ஆனால் அங்குள்ள பெண்ணுக்கு இருக்கும் அந்தப் படி சென்னையில் உள்ளவருக்கு இல்லை. நமக்கு வலுவான நீதிமன்றம் இருக்கிறது, வெளியார் எதற்கு என்பது தில்லி வழக்கமாகச் சொல்லும் பதில். வலுவான நீதிமன்றம் உள்ள நாடு வெளி விசாரணைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதும் அதே பதிலின் மறுபக்கம்தானே.

பணியிட வன்முறைக்கும் தொல்லைக்கும் எதிரான ஐஎல்ஓவின் 190ஆம் உடன்படிக்கையை (2019) இங்கே சுருக்கமாகத் தொட்டால் போதும். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்களுக்கு அதில் ஒரு வரி முக்கியம்: வேலைக்குப் போய்வரும் வழியும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறது. இந்தியா இதையும் ஏற்கவில்லை. ஆனால் திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஒரு தலித் இளம்பெண் தொழிலாளி மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022இல் ஆயத்த ஆடை நிறுவனமான ஈஸ்ட்மேனும் அதன் வெளிநாட்டு வாடிக்கையாளரான எச் அண்ட் எம்மும் கட்டுப்படும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ பிறந்தது. 190 கேட்பதன் சாரத்தைத் தனியார் நிறுவனங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டன. அரசு கையெழுத்திடவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள ஆயத்த ஆடைத் தொழிலில் இந்த வழி கைகொடுத்தது. கல்யாணத்துக்குப் பட்டெடுக்கும் உள்ளூர் வாடிக்கையாளர் யாரும் தார் சுற்றியவர் கூலியைக் கேட்கப் போவதில்லை. அதனால்தான் இங்கே அரசின் கையெழுத்து இன்னும் தேவைப்படுகிறது.

ஒரு மறுப்பைத் தள்ளிவிட முடியாது. விசைத்தறிப் போலிப் பட்டோடும் பிளாஸ்டிக் பாயோடும் போட்டி போட்டுத் திணறும் தொழிலில் பதிவேடு, பேறுகாலச் செலவு, தார்க் கூலி என்று ஏற்றினால் சிறு முதலாளி தறியை நிறுத்திவிடுவார் என்பது ஆரணியில் எவரும் சொல்வது. நியாயமான பயம். இதனால்தான் 177, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒரு தேசியக் கொள்கை வகுத்து, தொழிலாளர் சங்கத்தையும் முதலாளிகளையும் உட்காரவைத்துப் பேசி, காலாகாலத்தில் திருத்திக்கொள்ளச் சொல்கிறது. 2000இல் வீடுசார் தொழிலாளர் பற்றிய காத்மாண்டுப் பிரகடனத்தோடு தெற்காசியாவில் அந்தப் பேச்சு தொடங்கியும் இந்தியாவில் அந்தக் கொள்கை முடிவுக்கு வரவில்லை. தவிர, தொழில் நிற்பதற்குக் காரணம் கூலி மட்டும்தானா? ‘இந்த வேலைக்கு என் பொண்ணு வரமாட்டா’ என்று தறி வீடுகளிலேயே சொல்கிறார்கள். தார் சுற்றக் கூலி இல்லாத தொழிலுக்கு அடுத்த தலைமுறை ஏன் வர வேண்டும்? சிப்காட் பஸ்ஸில் ஏறினால் மாதம் பிறந்ததும் அவள் பெயரில் சம்பளம் வருகிறதே.

மாநில அரசு சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. அது ஒன்றிய அரசின் அதிகாரம்; ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பட்டியல் விஷயத்திலும் சட்டம் இயற்ற 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆனால் தொழிலாளர் விஷயம் பொதுப்பட்டியலில் இருப்பதால், 177இன் உள்ளடக்கத்தைத் தன் சட்டமாகவோ விதியாகவோ எழுதிக்கொள்ள மாநிலத்துக்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்கா 1980இல் சீடாவில் கையெழுத்திட்டு இன்றுவரை ஏற்பு வழங்கவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1998இல் அதைத் தன் நகரச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. நகரத் துறைகளின் வேலைமுறை அதன்படி தணிக்கையானது. ஒரு நகரசபைக்கு முடிந்தது கோட்டைக்கு முடியாதா?

அதற்குமுன் தில்லியிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஐஎல்ஓ நிறைவேற்றும் ஒவ்வோர் உடன்படிக்கையையும் உறுப்பு நாடு தன் நாடாளுமன்றம் போன்ற அதிகார அமைப்பின் முன் வைக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் சாசனத்திலேயே உள்ள விதி. ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். வந்தவாசி சட்டமன்றத் தொகுதி ஆரணி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. பாயும் பட்டும் ஒரே எம்.பி.யின் கணக்கில் வருகின்றன. வரையறையை இரண்டு முறை சட்டத்தில் எழுதிய அரசு, அதன் மூலமான 177ஐ ஏன் ஏற்கவில்லை, எப்போது ஏற்கும் என்று மக்களவையில் ஒரு நட்சத்திரக் கேள்வி கேட்க அவருக்குச் சில வரிகள் போதும். அவரைக் கேட்க வைக்க கிராம சபைத் தீர்மானங்கள் உதவும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2016 முதல் சட்டம் அப்படி. அந்தத் தீர்மானத்தை முன்மொழியும் தலைவருக்குச் சீடாவின் கிராமப்புறப் பெண்கள் பற்றிய 14ஆம் பிரிவு மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. தன் ஊரில் யார் யாருக்கு, யார் வேலை கொடுக்கிறார், எந்த விலைக்கு என்று ஒரு பட்டியல் எடுத்துத் தீர்மானத்தோடு இணைத்தால் போதும். பதிவேடு வேண்டும் என்கிற 184ஆம் பரிந்துரையின் முதல் பக்கத்தை ஊராட்சியே எழுதித் தந்ததாக ஆகும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகம் அந்தப் பட்டியலை வைத்து, 2020 தொகுப்பின் வரையறைப்படி இவர்கள் வீடுசார் தொழிலாளிகளா இல்லையா என்று எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும்.